பாடம் செய்த விலங்குகள்: தோலும் துண்டுச் சீட்டும்

இறந்த விலங்கின் தோலை உரித்து, கெட்டுப்போகாமல் பதப்படுத்தி, உள்ளே உருவம் கொடுத்து, உயிரோடு நின்றது போலவே நிறுத்தி வைக்கும் வேலைக்குத் தமிழில் ‘பாடம் செய்தல்’ என்று பெயர். பேச்சு வழக்கில் ‘பாடம் பண்ணுவது’ என்பார்கள். தோலைப் பதப்படுத்துவதற்கும், புகையிலையைப் பக்குவப்படுத்துவதற்கும் வழங்கிய பழைய சொல் இது. பள்ளிக்கூடத்துப் பாடத்துக்கும் இதே சொல் அமைந்துவிட்டது. பொருத்தமில்லாத ஒற்றுமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பாடம் செய்த ஓர் உடல் எதைக் கற்பிக்கிறது என்பதே இந்தக் கலையின் வரலாற்றில் பெரிய கேள்வியாக இருந்துவந்திருக்கிறது.

இத்தகைய உடல்கள் இரண்டு வழிகளில் சேர்ந்தன. ஒன்று, வேட்டைக்காரர் தம் வெற்றிக்கு அடையாளமாகச் சுவரில் மாட்டியது. மற்றொன்று, ஆய்வாளர் ஓர் இனத்துக்குச் சான்றாகப் பெட்டியில் அடுக்கியது. சுட்ட துப்பாக்கியும் உரித்த கத்தியும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் ஆய்வாளரின் பறவை காலில் ஒரு துண்டுச் சீட்டு கட்டியிருக்கும். எந்த ஊர், எந்த நாள், ஆணா பெண்ணா, பிடித்தவர் யார் என்ற நான்கு செய்திகள் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சீட்டு போய்விட்டால் பறவை வெறும் தோலாகிவிடும். சீட்டே பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தியாவில் ஒரு கதை உண்டு. அது பின்னால் வருகிறது.

தோல் கன்றும் பாஷாணச் சோப்பும்

தோலுக்குள் வைக்கோலைத் திணித்து உருவம் கொடுக்கும் வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கன்று செத்துவிட்டால் தாய்ப்பசு பால் சுரக்காது. அப்போது கன்றின் தோலை உரித்துக் காயவைத்து, வைக்கோல் அடைத்துத் தைத்து, பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக் கொடுத்துக்கொண்டே பால் சுரக்கும். இதற்குத் ‘தோல் கன்று’ என்றும் ‘வைக்கோல் கன்று’ என்றும் பெயர். மதுரைக்கு மேற்கே நாகமலை, கீழக்குயில்குடிப் பக்கம் மாடு வளர்த்த குடும்பங்களில் முதியவர்களைக் கேட்டால் இதைச் சொல்வார்கள். பாடம் செய்த உடல் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது. மனிதர் கண்ணுக்காக அல்லாமல் ஒரு தாய் மாட்டின் மூக்குக்காகச் செய்யப்பட்ட பாடம் அது.

ஆனால் தோல் கன்று சில மாதங்களே தாங்கும். பூச்சி அரித்துவிடும். உலகம் முழுவதும் இதே தொல்லைதான். ஐரோப்பாவில் பழைய காலத்தில் பாடம் செய்த உடல்களில் மிகச் சிலவே மிஞ்சியுள்ளன. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 1702இல் இறந்த ரிச்மண்ட் சீமாட்டியின் வளர்ப்புக் கிளி இன்றும் இருக்கிறது. பாடம் செய்து இன்றுவரை நிலைத்த மிகப் பழைய பறவைகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

இந்த நிலையை மாற்றியவர் பிரான்சின் மெட்ஸ் நகரைச் சேர்ந்த மருந்தாளர் ழான் பாப்டிஸ்ட் பெக்கூர் (1718-1777). வெள்ளைப் பாஷாணம் எனப்படும் ஆர்சனிக், கற்பூரம், சோப்பு, சுண்ணாம்பு, பொட்டாசியம் உப்பு ஆகியவற்றைக் குழைத்து அவர் ஒரு பசை செய்தார். தோலின் உட்புறத்தில் அதைப் பூசினால் பூச்சி அண்டாது. உயிரோடு இருந்தவரை செய்முறையை அவர் வெளியிடவில்லை. அவர் இறந்த பிறகே அது அச்சேறிப் பரவியது. பாரிஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லூயி துஃப்ரேன் 1803இல் இந்தக் கலைக்கு ‘டாக்சிடெர்மி’ என்ற பெயரை வழங்கினார். ஒழுங்கு, தோல் என்ற பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. இன்று அருங்காட்சியகங்களில் உள்ள பத்தொன்பதாம் நூற்றாண்டு உடல்கள் நிலைத்து நிற்பதற்கு அந்தப் பாஷாணமே காரணம். அவற்றைக் கையால் தொடக்கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

பெரிய விலங்குகளைப் பாடம் செய்வது அதைவிடக் கடினம். அதில் தொடக்க கால முயற்சி ஒன்று இந்தியாவோடு தொடர்புடையது. வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்திரநாகூரிலிருந்து பதினைந்தாம் லூயி மன்னருக்கு ஒரு காண்டாமிருகம் அனுப்பப்பட்டது. 1770இல் அது வெர்சாய் அரண்மனை விலங்குக்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. மன்னராட்சி கவிழ்ந்த பின் 1793இல் அது கொல்லப்பட்டது. அதன் தோலை மரச் சட்டத்தின்மேல் போர்த்தி நிறுத்தினார்கள். பாரிஸ் அருங்காட்சியகத்தில் அந்த இந்தியக் காண்டாமிருகம் இன்னும் நிற்கிறது.

1851இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியிலும் ஒரு வேடிக்கை நடந்தது. இந்தியப் பகுதியில் அலங்கார அம்பாரி ஒன்றைக் காட்ட விரும்பினார்கள். அதைத் தாங்க ஒரு யானை வேண்டியிருந்தது. எசெக்ஸ் மாவட்டத்துச் சிறு அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து பாடம் செய்த யானையை வாங்கி வந்து நிறுத்தினார்கள். அது ஆப்பிரிக்க யானை. காதின் அளவைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். இந்தியாவின் செல்வச் செழிப்பைக் காண வந்த கூட்டம் ஆப்பிரிக்க யானையின் முதுகில் அதைக் கண்டுவிட்டுப் போயிற்று.

செத்த காலேஜ்

லண்டனில் அந்தக் கண்காட்சி நடந்த அதே 1851இல்தான் சென்னை அருங்காட்சியகமும் தொடங்கப்பட்டது. முதலில் அது நுங்கம்பாக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இருந்தது. 1854இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. கல்லூரிக் கட்டடத்தில் பிறந்த தொடர்போ என்னவோ, பொதுமக்கள் அதைக் ‘காலேஜ்’ என்றே அழைத்தார்கள். செத்த விலங்குகளை வைத்திருந்ததால் அது ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. உயிருள்ள விலங்குகளை வைத்திருந்த விலங்குக்காட்சிச் சாலை ‘உயிர் காலேஜ்’ ஆயிற்று. சென்னைக்குப் போய்வந்த தென் மாவட்டத்துக்காரர்கள் இரண்டு காலேஜையும் பார்த்ததாகச் சொல்லிப் பெருமைப்படுவது ஒரு தலைமுறைக்கு முன்புவரை இயல்பாக இருந்தது.

இரண்டு காலேஜுகளுக்கும் தகப்பன் ஒருவரே. அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், வளாகத்துக்குள்ளேயே உயிருள்ள விலங்குகளை வைத்தால் கூட்டம் பெருகுவதைக் கண்டு, 1855இல் அங்கேயே விலங்குக்காட்சியைத் தொடங்கினார். பிற்பாடு அது பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. செத்ததைப் பார்க்க மக்களை வரவழைக்க உயிருள்ளது தேவைப்பட்டது என்பதை அருங்காட்சியகம் நடத்துவோர் அன்றே உணர்ந்திருந்தார்கள். அதன்பின் எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தார். சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய நூல்களுக்காகவே அவர் பெயர் இன்று அறியப்படுகிறது. அவர் கடல்வாழ் உயிர்களையும் ஆராய்ந்தவர்.

சென்னையின் வெயிலும் ஈரக்காற்றும் பாடம் செய்த உடல்களுக்குப் பகை. இதை மிக முன்னதாகவே அனுபவித்தவர் தாமஸ் ஜெர்டன். 1830களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்த இவர், தென்னிந்தியப் பறவைகளை முறையாகச் சேகரித்தார். பெயர் கண்டு சொல்வதற்காக முதல் தொகுதியை ஸ்காட்லாந்தில் இருந்த வில்லியம் ஜார்டின் என்ற அறிஞருக்குக் கப்பலில் அனுப்பினார். போய்ச் சேர்ந்தபோது அந்துப்பூச்சிகள் அவற்றைத் தின்று தீர்த்திருந்தன. அதற்குமேல் பிறரை நம்பிக் காத்திருக்காமல் ஜெர்டன் தாமே பெயர் கண்டு, தீபகற்ப இந்தியப் பறவைகளின் பட்டியலைச் சென்னை ஆய்விதழ் ஒன்றில் 1839-40இல் வெளியிட்டார். தென்னிந்தியப் பறவையியலின் முதல் பெரிய பட்டியல் வெளிவந்ததில் அந்துப்பூச்சிக்கும் ஒரு பங்கு உண்டு.

மதுரைக்கு அருகில் இத்தகைய சேகரிப்பைப் பார்க்க விரும்புவோர் கொடைக்கானல் மலையில் உள்ள செண்பகனூருக்குப் போகலாம். மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபையினர் 1895இல் அங்கே ஒரு கல்லூரியை நிறுவினார்கள். குருமாணவர்களும் ஆசிரியர்களும் பழனி மலையின் விலங்குகள், பறவைகள், பூச்சிகள், பாசிகள் என்று சேர்த்தவற்றால் அங்கே ஓர் அருங்காட்சியகம் வளர்ந்தது. ஆங்கிலேத் மலைச்செடிகளை வண்ண ஓவியங்களாக வரைந்தார். ஃபோரோ பாசிகளை ஆராய்ந்தார். அங்குள்ளவை பெரும்பாலும் அந்த மலையைச் சேர்ந்தவை என்பது செண்பகனூரின் தனிச்சிறப்பு. உலகத்தின் பல மூலைகளிலிருந்து வாங்கி நிரப்பிய கூடத்தைவிட, ஒரே மலையின் உயிர்களை ஒரே இடத்தில் காட்டும் கூடம் மாணவர்க்குக் கூடுதலாகப் பயன்படும். சமவெளியில் பார்க்க விரும்புவோருக்கு, 1910இல் தொடங்கப்பட்டுத் திருக்கோகர்ணத்தில் இயங்கும் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தின் விலங்கியல் பகுதி இருக்கிறது.

இந்தக் கூடங்களுக்குப் போகும் மாணவர்கள் பெயர்ப்பலகைகளில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தமிழில் ‘சிறுத்தை’ என்ற சொல் புள்ளி வட்டங்கள் உள்ள மலைக்காட்டு விலங்கைக் குறிக்கும். ஓட்டத்துக்குப் பெயர்போன, முகத்தில் கண்ணீர்க் கோடு உள்ள விலங்கு ‘சிவிங்கி’. நாளிதழ்களும் சில பாடநூல்களும் இரண்டையும் ‘சிறுத்தை’ என்றே எழுதிக் குழப்பிவிட்டன. சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. அதனால் பழைய தோல் ஒன்று சிறுத்தையா சிவிங்கியா என்பது வெறும் சொல் வழக்கு அன்று.

மைசூர்ப் பட்டறை

வேட்டைக்காரரின் வழியில் சேர்ந்த உடல்களுக்குத் தென்னிந்தியாவில் ஒரு தலைநகரம் இருந்தது. அது மைசூர். அதற்கு முன்பு இந்தியாவில் சுட்ட புலியைப் பாடம் செய்ய விரும்பிய வெள்ளைக்காரர்கள் தோலை உப்பிட்டு லண்டனுக்கு அனுப்பினார்கள். பிக்காடிலி வீதியில் ரோலண்ட் வார்டு (1848-1912) நடத்திய கடை அதில் பெயர்பெற்றது. பெரிய வேட்டை விலங்குகளின் கொம்பு, உடல் அளவுகளைப் பதிந்த ‘சாதனைப் புத்தகம்’ ஒன்றையும் வார்டு 1892இல் வெளியிட்டார். நீளமான கொம்புக்கு ஆசைப்பட்டு ஆளுக்கு ஆள் போட்டியிட அந்தப் புத்தகமும் ஒரு காரணமாயிற்று.

கப்பல் பயணத்தில் தோல் அழுகிப்போவதும் உண்டு. காட்டுக்குப் பக்கத்திலேயே திறமையான பட்டறை இருந்தால் அந்தக் கவலை இல்லை. யூஜின் வான் இங்கன் என்பவர் 1900ஆம் ஆண்டை ஒட்டி மைசூரில் தொடங்கிய நிறுவனம் அந்த இடத்தைப் பிடித்தது. மைசூரில் தியோபால்டு சகோதரர்கள் போன்ற வேறு பட்டறைகளும் இருந்தன. ஆனால் ‘வான் இங்கன் அண்டு வான் இங்கன்’ என்ற பெயரே நிலைத்தது. நீலகிரி, வயநாடு, சத்தியமங்கலம், பந்திப்பூர்க் காடுகள் எல்லாம் மைசூருக்கு எட்டும் தொலைவில் இருந்தன. மன்னர்களும் ஆளுநர்களும் தோட்ட முதலாளிகளும் வாடிக்கையாளர்கள். யூஜினுக்குப் பின் அவர் மகன்கள் தொழிலை நடத்தினார்கள். போத்தா, டி வெட், ஜூபெர்ட் என்ற அவர்களின் பெயர்கள் தென்னாப்பிரிக்கப் போயர் போரின் தளபதிகளுடைய பெயர்கள்.

பட்டறையின் வேலை காட்டிலேயே தொடங்கிவிடும். புலி விழுந்த சில மணி நேரத்துக்குள் தோலை உரிக்காவிட்டால், வெப்பத்தில் தோல் அழுகி மயிர் உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த மயிரை எந்தக் கைவினைஞனாலும் ஒட்டவைக்க முடியாது. ஆகவே எந்த இடத்தில் கத்தி வைக்கவேண்டும், கொழுப்பை எப்படிச் சுரண்டவேண்டும், உப்பும் படிகாரமும் எப்படித் தேய்க்கவேண்டும், வெயிலில் காயப்போடாமல் நிழலில் ஏன் உலர்த்தவேண்டும் என்றெல்லாம் விளக்கி, நிறுவனமே ஒரு சிறு கையேட்டை அச்சிட்டு வேட்டைக்காரர்களுக்குக் கொடுத்தது. தோல் மைசூர் வந்ததும் ஊறவைத்து, சுரண்டி, பதனிடுவார்கள். உள்ளே வைக்கோல் கிடையாது. விலங்கின் தசை அமைப்பைப் பார்த்துச் செய்த அச்சுகளில் காகிதக் கூழை அழுத்தி, உலர்ந்ததும் எடுத்தால் கனமில்லாத, உறுதியான உடல் கிடைக்கும். பல அளவுகளில் அச்சுகள் தயாராக இருந்ததால், வந்த தோலின் அளவுக்குப் பொருந்துவதைத் தேர்ந்து போர்த்தித் தைத்துவிடலாம். கண்ணுக்குக் கண்ணாடி விழி. பல் மட்டும் அந்தப் புலியினுடையதே.

திறந்த வாயும் சுருங்கிய மூக்குமாக உறுமும் புலித்தலைதான் இந்தப் பட்டறையின் முத்திரை. நாக்கின் மடிப்பு, மேலண்ணத்தின் வரிகள் வரை துல்லியமாக இருக்கும். கைவேலை என்ற அளவில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் அது புலியின் இயல்பான முகம் அன்று. புலி பெரும்பாலும் வாயை மூடியபடி ஓசையின்றி நடக்கிற விலங்கு. வேட்டைக்காரர் வீட்டுக்கு வரும் விருந்தாளி பயப்படவேண்டும் என்பதற்காக வடிக்கப்பட்ட முகம் அது. இதே காலத்தில் அமெரிக்காவில் கார்ல் ஏக்லி (1864-1926) விலங்குகளை அவற்றின் வாழிடத்தோடு, மேய்வதாகவும் நீர் குடிப்பதாகவும் நிறுத்திக் காட்டும் முறையை வளர்த்தார். அங்கே பார்வையாளர் விலங்கின் வாழ்க்கையைப் பார்த்தார்கள். மைசூர்ப் புலியிடம் பார்ப்பது சுட்டவரின் பெருமையை. திறமையில் இரண்டும் சமம் என்றாலும் கல்வியில் சமமில்லை.

வான் இங்கன் நிறுவனத்தின் பதிவேடுகளை ஆராய்ந்து, பிரிட்டனின் விலங்கியலாளர் பேட் மோரிஸ் 2006இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தப் பட்டறை வழியாகச் சென்ற புலிகளும் சிறுத்தைகளும் சேர்ந்து ஏறத்தாழ 43,000 என்பது கணக்கு. இது ஒரே ஊரின் ஒரே நிறுவனம். 1972இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் மிஞ்சியிருந்த புலிகள் 1,827. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

புலி வேட்டை 1970இல் தடை செய்யப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பட்டறைக்கு வரும் தோல்கள் நின்றன. பழைய உடல்களைப் பழுது பார்ப்பது போன்ற வேலைகளோடு சில காலம் ஓட்டி, 1990களின் இறுதியில் நிறுவனம் மூடப்பட்டது. கடைசியாக இருந்த சகோதரர் ஜூபெர்ட் 2013இல் தம் நூறாவது வயதில் காலமானார்.

இந்தக் குடும்பத்தின் பெயர் வேறொரு காரணத்துக்காகவும் நினைக்கப்படுகிறது. டி வெட் வான் இங்கன் 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மகசீர் மீன் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். தூண்டில்காரர்கள் இன்றும் பேசும் சாதனை அது. காவிரிப் படுகைக்கே உரிய அந்தத் திமில் முதுகு மகசீருக்கு அறிவியல் பெயர் எது என்பதே 2018இல்தான் உறுதியானது. அதற்குள் அந்த இனம் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

சீட்டு சொல்லும் சேதி

இந்தியப் பறவைகளை ஆய்வுக்காகச் சேகரித்தவர்களில் முதலிடம் ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு உரியது. காங்கிரஸ் கட்சியைத் தோற்றுவித்தவராகப் பாடநூல்கள் சொல்லும் அதே ஹியூம்தான். அவர் சிம்லா வீட்டில் சேர்த்தவை பெரும்பாலும் ‘ஆய்வுத் தோல்கள்’. அதாவது நிற்கும் கோலத்தில் அல்லாமல், பஞ்சு அடைத்து, சிறகு மூடி, மல்லாந்து கிடக்கும் பறவைகள். கண்ணாடி விழி இருக்காது. அழகு இருக்காது. காலில் சீட்டு மட்டும் இருக்கும். 1880களின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் ஹியூம் சிம்லாவில் இல்லாதபோது, வீட்டில் வைத்திருந்த ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட அவருடைய கையெழுத்துப் பிரதியை வேலையாள் கடைத்தெருவில் பழைய காகிதமாக விற்றுவிட்டான். இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதவிருந்த பெருநூலின் குறிப்புகள் அவை. மனம் உடைந்த ஹியூம் பறவை ஆய்வையே கைவிட்டார். ஏறத்தாழ 82,000 மாதிரிகளை 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். நூல் போயிற்று. பறவைகளின் காலில் கட்டிய சீட்டுகள் மட்டும் மிஞ்சின.

அந்தச் சீட்டுகளுக்குப் பொருள் உண்டு என்பதைக் காட்டியது ஒரு சிறு ஆந்தை. 1873இல் ஹியூம் முதலில் விவரித்த காட்டு ஆந்தைக்கு உலகம் முழுவதிலும் ஏழு மாதிரிகளே இருந்தன. 1884இல் ஜேம்ஸ் டேவிட்சன் காந்தேசத்தில் எடுத்ததற்குப் பிறகு ஒரேயொரு மாதிரிதான் இருந்தது. அது 1914இல் குஜராத்தில் தாம் சுட்டது என்று ரிச்சர்டு மைனர்ட்ஸ்ஹேகன் என்ற ராணுவ அதிகாரி சீட்டு எழுதியிருந்தார். புகழ்பெற்ற பறவையியலாளர், பெரிய சேகரிப்புக்குச் சொந்தக்காரர். அவர் சொல்லைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. பிற்காலத்தில் அந்த ஆந்தையைத் தேடிச் சென்றவர்கள் குஜராத்துப் பக்கம் அலைந்து வெறுங்கையோடு திரும்பினார்கள்.

1990களில் அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசனும் அவரோடு சேர்ந்தவர்களும் மைனர்ட்ஸ்ஹேகனின் சேகரிப்பைச் சோதித்தார்கள். ஒவ்வொரு சேகரிப்பாளருக்கும் தைக்கும் முறை, பஞ்சு அடைக்கும் முறை, எலும்பை விட்டுவைக்கும் முறை தனித்தனி. கையெழுத்தைப் போல அது காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஆந்தைத் தோலைப் பிரித்து மறுபடி அடைத்திருந்தார்கள். ஆனால் முதலில் உரித்த கையின் அடையாளம் உள்ளே மிஞ்சியிருந்தது. அது டேவிட்சனின் கை. 1884இல் எடுத்த மாதிரியை அருங்காட்சியகத்திலிருந்து திருடி, புதுச் சீட்டுக் கட்டித் தமதாக்கியிருந்தார் மைனர்ட்ஸ்ஹேகன். பொய்யான ஊரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, உண்மையான பழைய இடங்களை மட்டும் வைத்துத் தேடியபோது, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷாஹாதா அருகே உயிருள்ள காட்டு ஆந்தை கண்ணில் பட்டது. நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த முதல் நம்பகமான பதிவு அது.

வேட்டைக்காரரின் வழியில் சேர்ந்த உடல்களும் சீட்டு இருந்தால் இப்படிப் பயன்படும். புலித்தலை மாட்டிய மரப்பலகையில் ஊரும் தேதியும் எழுதிவைக்கும் வழக்கம் பல வேட்டைக்காரர்களுக்கு இருந்தது. பெருமைக்காக எழுதியதுதான். ஆனால் எந்தக் காட்டில் எந்த ஆண்டு புலி இருந்தது என்பதற்கு அதுவே சான்றாகிவிட்டது. பெங்களூருவின் தேசிய உயிரியல் ஆய்வு மையமும் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சுடப்பட்டு அருங்காட்சியகங்களில் இருக்கும் இந்தியப் புலிகளிலிருந்து துளித் திசு எடுத்து, தாய்வழி மரபணுவை இன்றைய புலிகளோடு ஒப்பிட்டார்கள். அன்று இருந்த மரபணு வகைகளில் 93 விழுக்காடு இன்றைய புலிகளிடம் காணப்படவில்லை. புலிகளின் எண்ணிக்கையைப் பெருக்கினாலும் அந்த வகைகள் திரும்பிவரப் போவதில்லை. அவை இருந்தன என்று தெரிவதே பாடம் செய்த தோல்களால்தான்.

ஆகவே ஓர் அருங்காட்சியகம் எரிவது பொம்மைக் கடை எரிவது போன்றதன்று. 2016 ஏப்ரல் 26 அன்று தில்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீப்பிடித்துச் சேகரிப்புகள் அழிந்தபோது, செய்தியாகப் போனது கட்டடச் சேதம்தான். தீ இல்லாமலும் அழிவு நடக்கிறது. தோல் வண்டு அரிப்பதும், ஈரத்தில் பூஞ்சை பிடிப்பதும், வெள்ளையடிக்கும்போது சீட்டுகளைக் கழற்றி எறிவதும் அதே அழிவுதான். கல்லூரி விலங்கியல் துறைகளில் பழைய பாடப் பறவைகள் பரண் ஏறிக் கிடப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். முதலில் காப்பாற்ற வேண்டியது பறவையை அல்ல, அதன் காலில் உள்ள சீட்டையும் துறையின் பழைய பதிவேட்டையும்தான். தோல் மட்டும் பிழைத்தால் அலங்காரத்துக்கு ஆகும். அவ்வளவே.

சேகரிப்பும் சட்டமும்

பழைய பாடப் பொருள்களை விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பது மேலைநாடுகளில் ஒரு பொழுதுபோக்கு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும், 1947 மார்ச் 3க்கு முன்பே வேலைப்பாடு முடித்துப் பெறப்பட்ட பொருளைத் ‘தொன்மைப் பொருள்’ என்று கருதி விற்பனைக்கு விலக்குத் தருகிறார்கள். அதனால் வான் இங்கன் சீட்டு ஒட்டிய புலித்தோல் விரிப்புகள் லண்டன் ஏலங்களில் வருவதுண்டு. மைசூர்ப் பட்டறையின் சீட்டு அங்கே காலத்தை நிறுவவும் விலையை ஏற்றவும் பயன்படுகிறது.

இந்தியச் சட்டத்தில் அப்படி வயது விலக்குக் கிடையாது. நூறு ஆண்டு பழையதானாலும் புலித்தோல் புலித்தோல்தான். 1972 சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்குகளின் பாடப் பொருளை வைத்திருப்போர் அறிவித்து உரிமைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். முதலில் தவறியவர்களுக்காக 2003இல் 180 நாள் வாய்ப்புத் தரப்பட்டது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இவற்றை விற்கவோ அன்பளிப்பாகக் கொடுக்கவோ முடியாது. வாரிசு உரிமையாக மட்டுமே கைமாறலாம். பெறும் வாரிசும் 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குப் பாதுகாவலரிடம் அறிவிக்கவேண்டும். வைத்துக்கொள்ள விருப்பமில்லாதவர் அரசிடம் ஒப்படைக்க 2022 திருத்தம் வழி செய்தது. ஒப்படைத்தால் பணம் கிடையாது. சான்றிதழ் இல்லாத பழைய தலையை இணையத்தில் விலைக்குப் போட்டு மாட்டிக்கொள்வதைவிட அது நல்லது.

தாத்தா காலத்துக் காட்டெருமைத் தலையோ மான் தலையோ உள்ள வீடுகளுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பழைய உடல்களில் பாஷாணம் இருக்கக்கூடும் என்று எண்ணியே கையாளவேண்டும். குழந்தைகளைத் தடவிப் பார்க்க விடக்கூடாது. உதறித் தூசி தட்டக்கூடாது. கையுறையும் முகமூடியும் இல்லாமல் இடம் மாற்றக்கூடாது. பின்பக்கம் சீட்டோ எண்ணோ இருந்தால் புகைப்படம் எடுத்துக் குறித்துவைக்கலாம்.

புதிதாகப் பாடம் செய்வது இந்தியாவில் முற்றிலும் நின்றுவிடவில்லை. உயிரியல் பூங்காக்களிலும் காடுகளிலும் தாமாக இறக்கும் விலங்குகளை, உரிய அனுமதியோடு கல்விக்காகப் பாடம் செய்யும் மையம் ஒன்று 2009இல் மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் திறக்கப்பட்டது. தனியாருக்கு அந்த வழி இல்லை. கீழக்குயில்குடிச் சமணர் மலை அடிவாரத்தில் மயில் ஒன்று அடிபட்டு இறந்து கிடந்தால், அது மாநில அரசின் சொத்து. எடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அலுவலரிடமோ தெரிவிக்கவேண்டும். எந்த இடத்தில், எந்த நாளில், எப்படிக் கிடந்தது என்று அங்கே எழுதி வாங்கிக்கொள்வார்கள்.